அதிகாரிகள் முன்னால் பத்து நிமிடம்

கேள்வி: பண்ருட்டி பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். வயது 31. முந்திரிக் கொட்டையை நாங்களே உடைத்துப் பருப்பாக்கி விற்க ஒரு கூடம் அமைக்கலாம் என்று வங்கிக் கடன் கேட்டிருக்கிறோம். இன்னும் மூன்று வாரத்தில் கடலூரில் வங்கி அதிகாரிகள், துறை அதிகாரிகள் முன்னால் நான் பத்து நிமிடம் பேச வேண்டும். விவசாயிகள் கூட்டம் என்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். அதிகாரிகள் என்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. போன வருடம் இப்படி ஒரு கூட்டத்துக்கு மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நடுவில் ஒரு வரி மறந்துபோய், மன்னிப்பு கேட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் மைக்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பார்கள் என்கிறார் எங்கள் இயக்குநர் ஒருவர். பேசப் போகும் முன் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை இருக்கிறது என்கிறாள் தோழி. நான் என்ன செய்வது?
வாசகி, பண்ருட்டி வட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

விவசாயிகள் கூட்டத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் முதலில் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான். விலை இறங்கியதில் கோபமாக இருக்கும் விவசாயிகளுக்கு நடுவே எழுந்து நின்று, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி, ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. அதைச் செய்கிற உங்களுக்குப் பேச்சைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அதிகாரிகள் முன்னால் மட்டும் நீங்கள் வேறு ஒரு வேலையைச் செய்யப் பார்க்கிறீர்கள். அந்த வேலைக்குப் பெயர் ஒப்பித்தல்.

இது உங்கள் குறை இல்லை. நம்மில் பெரும்பாலோருக்கு மேடை அறிமுகமானது பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில்தான். தமிழாசிரியரோ வீட்டில் ஒருவரோ எழுதிக் கொடுப்பார். 'நடுநிலை தவறா நடுவர் அவர்களே' என்று ஆரம்பித்து ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி முடிக்க வேண்டும். திக்கினால் மதிப்பெண் போச்சு. வளர்ந்த பிறகும் மேடை என்றதும் அந்தப் பிள்ளையாகவே மாறிவிடுகிறோம். வரி வரியாக எழுதி, உருப்போட்டு, மறக்கக் கூடாதே என்ற பயத்தோடு போய் நிற்கிறோம். அப்படி உருப்போட்டதில் ஒவ்வொரு வரியையும் அதற்கு முந்தின வரிதான் நினைவுக்குக் கொண்டுவருகிறது. நடுவில் ஒன்று நழுவினால் அடுத்ததைப் பிடிக்க வழியில்லை. போன வருடம் உங்களுக்கு நடந்தது இதுதான். அன்றைக்கு விஷயம் உங்களுக்கு மறக்கவில்லை, வரிதான் மறந்தது. முந்திரியைப் பற்றி அந்த அதிகாரிகள் ஏதாவது கேட்டிருந்தால் அந்த நிமிடமே பதில் சொல்லியிருப்பீர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் இந்த முறை பேச்சை எழுதாதீர்கள். கேள்விகளை எழுதுங்கள்.

வங்கி அதிகாரி ஒருவரின் நாற்காலியில் உங்களை வைத்துப் பாருங்கள். எவ்வளவு பணம் வேண்டும், எதற்கு வேண்டும், எப்படித் திரும்பி வரும், வராமல் போனால் என்ன செய்வது, இவர்களை எதை வைத்து நம்புவது. ஏறக்குறைய இந்த ஐந்துதான் அவர் மனதில் ஓடும். உங்கள் பத்து நிமிடம் இந்த ஐந்துக்கும் பதிலாக இருந்தால் போதும். நிறுவனம் எந்த ஆண்டு பதிவானது, எத்தனை பொதுக்குழு நடந்தது, யார் வந்து விளக்கேற்றினார் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் கோப்பிலேயே இருக்கும். நான் பார்த்தவரை இப்படிப்பட்ட கூட்டங்களில் பேசுபவர்கள் பாதி நேரத்தை நிறுவன வரலாற்றிலேயே செலவழித்துவிடுகிறார்கள். கடன் தொகையைச் சொல்ல வரும்போது 'சுருக்கமா முடிங்கம்மா' என்று குரல் வந்துவிடுகிறது. நீங்கள் தொகையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆரம்பம் இப்படி இருந்தால் எப்படி இருக்கும்? "எல்லாருக்கும் வணக்கம். எங்க உறுப்பினருங்க முந்திரிக் கொட்டையை அப்படியே மூட்டையா வித்துடுறாங்க. அதை உடைச்சு, தோல் எடுத்து, தரம் பிரிச்சு வித்தா வர்ற லாபம் அவங்க கைக்கு வர்றதே இல்லை. அதை அவங்களுக்குக் கொண்டுவரத்தான் ஒரு கூடம் கட்டணும்னு இவ்வளவு லட்சம் கடன் கேக்குறோம்." பெயர் சொல்லி வரிசையாக விளிக்கவில்லை, அடைமொழி இல்லை. ஆனால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இதையே, 'உழவர் பெருங்குடி மக்களின் வாழ்வாதாரத்தை உயர்த்தும் உன்னத நோக்கோடு தொடங்கப்பெற்ற எமது நிறுவனமானது' என்று சொல்லிப் பாருங்கள். மூச்சும் போகிறது, விஷயமும் வரவில்லை. மேடைத் தமிழ் அழகானதுதான். அடுக்குமொழியில் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். ஆனால் அது வருடக்கணக்கான பயிற்சியில் வருவது, மைதானத்துக்கு உரியது. இருபது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், கடன் கேட்கப் போன இடத்தில், மரியாதையான பேச்சுத் தமிழே கேட்பவருக்கு நெருக்கமாக இருக்கும். உங்களுக்கும் அதில் வார்த்தைக்குத் தட்டுப்பாடு வராது.

கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று தட்டு: ஒன்றில் கொட்டை, ஒன்றில் உடைத்த பருப்பு தோலோடு, ஒன்றில் தோல் நீக்கித் தரம் பிரித்த பருப்பு. நூறு கிலோ கொட்டையில் பருப்பாக மிஞ்சுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் என்பது உங்களுக்கு உடம்பில் ஊறிய கணக்கு. கோப்பைப் பார்த்தே வேலை செய்கிறவருக்கு அது புதுச் செய்தி. தட்டை அவர் பக்கம் நகர்த்தி, ஒவ்வொரு தட்டுக்கும் இன்றைய விலையைச் சொல்லுங்கள். உங்கள் திட்டத்தின் லாபக் கணக்கு முழுவதும் அந்த மூன்று விலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அட்டவணை போட்டுக் காட்டுவதைவிட இது சீக்கிரம் புரியும். கை எங்கே வைப்பது என்ற தவிப்பும் உங்களுக்குப் போய்விடும். 'டபிள்யூ 320' என்றெல்லாம் சொல்ல வேண்டி வந்தால், ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கும் தரம் என்று உடனே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நமக்குப் பழகிய சொல் என்பதாலேயே விளக்காமல் கடந்துவிடுகிறோம். கேட்பவர் புரியாததைக் கேட்க மாட்டார், கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எண்களை வாயால் சொல்லும்போது முழுதாக்கிச் சொல்லுங்கள். ரூ. 47,38,500 என்று தாளில் இருக்கட்டும், வாயில் 'நாற்பத்தேழு லட்சத்துச் சொச்சம்' போதும். வேளாண் உள்கட்டமைப்பு நிதித் திட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்றால், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, அதிகபட்சம் 7 ஆண்டு என்பது அங்கே இருப்பவர்களுக்கே தெரியும். ஒரு வாக்கியத்தில் திட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

நான்காவது கேள்வியில் கொஞ்சம் நிதானியுங்கள். கடலூர் மாவட்டத்தில் முந்திரிக்குக் கடன் என்றால், 'புயல் வந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வி வராமல் இருக்காது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் உங்கள் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை வங்கிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒட்டுக்கன்று வைத்தாலும் காய்க்க மூன்று வருடமாவது ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்தக் கேள்வி வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு போகாதீர்கள். நீங்களே எடுத்துப் பேசுங்கள். "தானே மாதிரி ஒரு புயல் வந்தா என்னன்னு நீங்க கேப்பீங்க. மரம் போனாலும் கூடம் நிக்கணும்னா கொட்டை வெளியிலேர்ந்து வரணும். பண்ருட்டி ஆலைங்க ஏற்கெனவே ஆப்பிரிக்கக் கொட்டை வாங்கி உடைக்கிறாங்க. நாங்களும் வாங்க வேண்டி வந்தா இவ்வளவு கூடுதல் செலவாகும், காப்பீடு இவ்வளவு போட்டிருக்கோம்" என்று கணக்கோடு சொல்லுங்கள். பாதகமான விஷயத்தை ஒருவர் தானாகவே சொல்லும்போது, அவர் சொல்லும் மற்றதெல்லாம் நம்பும்படி ஆகிவிடுகிறது. ஐந்தாவது கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடும்.

ஆங்கிலம் பற்றி. உங்கள் இயக்குநர் சொல்வதை நான் முழுதாக ஒதுக்க மாட்டேன். தேசிய வங்கிகளில் தமிழ் தெரியாத வெளிமாநில அதிகாரி இருக்க வாய்ப்பு உண்டு. யார் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், தமிழ்தான். அப்படி ஒருவர் வந்தால், தொகை, நோக்கம், திருப்பிக் கட்டும் முறை இந்த மூன்றையும் மூன்று சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மற்ற விவரமெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பக்கத் தாளாக அவர் கையில் இருக்கட்டும். தெரியாத மொழியில் பத்து நிமிடம் தடுமாறுவது உங்கள் திட்டத்துக்கு நீங்களே செய்யும் அநியாயம்.

இப்போது நடுக்கத்துக்கு வருகிறேன். பேசப் போகும் முன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, எச்சில் குறைந்து வாய் உலர்கிறது, விரல் நடுங்குகிறது. அனுபவசாலிகளுக்கும் இது வருகிறது. வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் முறை வருவதற்குச் சில நிமிடம் முன்பிருந்து மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். நாலு எண்ணி இழுத்தால் ஏழு எண்ணி விடலாம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். குரல் நிற்பதும் அந்த மூச்சின் மேல்தான். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். முழு அளவுத் தாளைக் கையில் பிடிக்காதீர்கள், விரல் கொஞ்சம் ஆடினாலே தாள் பெரிதாக ஆடும். லேசர் பாயிண்டரும் அப்படித்தான். ஐந்து கேள்விக்கும் ஒவ்வொரு சொல் எழுதிய சின்ன அட்டை போதும்.

'பயப்படாதே, அமைதியாக இரு' என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதைவிட 'ஆர்வமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டால் பலன் அதிகம் என்று ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பயத்திலும் ஆர்வத்திலும் உடம்பு ஒரே மாதிரிதான் படபடக்கிறது. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது எளிது. இன்னொரு ஆய்வு உங்களுக்கு இதைவிட முக்கியம். சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்டது. பேசுபவர்கள் தங்கள் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்று நினைத்தார்களோ அந்த அளவுக்குக் கேட்பவர்களுக்குத் தெரியவில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே எடுத்துச் சொன்னபோது பேசியவர்கள் இன்னும் நன்றாகவே பேசினார்கள். அதற்காகத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். போன வருடம் நீங்கள் உட்கார்ந்ததை அந்த அறையில் இருந்தவர்கள் அநேகமாக மறந்தே போயிருப்பார்கள்.

பயிற்சி வகுப்புகளில் இன்னொன்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மீதியெல்லாம் குரலும் உடல்மொழியும் என்பார்கள். அதை நம்பி, கண்ணாடி முன் நின்று கையை ஆட்டிப் பழகுவதில் மூன்று வாரத்தையும் செலவழித்துவிடாதீர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. ஒருவர் சொல்லும் சொல்லும் அவருடைய குரலும் முகமும் ஒன்றோடொன்று ஒட்டாதபோது, அவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்பவர் எதை வைத்து எடைபோடுகிறார் என்பதைத்தான் அவர் பார்த்தார். கடன் விண்ணப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் பேச்சின் பலம் உங்கள் விஷயத்தில் இருக்கிறது.

மாத்திரை வேண்டாம் என்பது என் கருத்து. தோழி சொல்வது பெரும்பாலும் ப்ராப்ரனோலால் வகையாக இருக்கும். இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும், மருத்துவர்கள் சிலருக்கு எழுதியும் தருகிறார்கள். ஆனால் ஆஸ்துமா, குறைந்த ரத்த அழுத்தம், மெதுவான இதயத் துடிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. இன்னொருவரிடம் வாங்கி ஒன்று போட்டுப் பார்க்கிற விஷயமே இல்லை. மேடை மட்டுமல்லாமல் அன்றாட வேலையிலும் இந்தப் பயம் புகுந்து தூக்கம் கெடுகிறது, ஆட்களையே தவிர்க்கிறீர்கள் என்றால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மரில் அதற்கென்றே துறை இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தவரை அந்த அளவுக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

பயிற்சியை நாளைக்கே தொடங்குங்கள், வாய்விட்டு. மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது பயிற்சியில் சேராது. முதலில் உங்கள் உறுப்பினர்களிலேயே நிறையக் கேள்வி கேட்கும் ஒரு பெரியவரை உட்காரவைத்து, அவர்தான் வங்கி மேலாளர் என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் வார்த்தைகள் மாறி வரும், வரட்டும். மாறி வந்தும் விஷயம் தப்பாமல் வந்தால் அதுதான் நீங்கள் தேடும் தைரியம். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவரிடம் போங்கள். அவர் போடும் குறுக்குக் கேள்விக்கு ஈடாக எந்த வகுப்பும் வராது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் இடையில் வந்தால் போய், நிஜமான ஒரு கோரிக்கையை எழுந்து நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். அதிகாரிகள், மைக், கூட்டம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

தினமும் ஒரு தடவை போனில் பதிவு செய்து நேரம் பாருங்கள். ஆங்கிலப் புத்தகங்களில் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்று இருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது, கடிகாரம்தான் கணக்கு. எட்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அதே பேச்சை மூன்று நிமிடத்தில் சொல்லவும் தயாராக இருங்கள். முன்னால் பேசுகிறவர்கள் நேரத்தைத் தின்றுவிட்டு, உங்கள் முறை வரும்போது மதிய உணவு வேளை ஆகியிருக்கும். அது அடிக்கடி நடப்பது. ஐந்து பதில்களையும் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லத் தெரிந்திருந்தால் அப்போது பதற்றப்பட வேண்டியதில்லை.

ஸ்லைடு நாலைந்துக்கு மேல் வேண்டாம். அதில் ஒரு முக்கியமான விஷயம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிப்போகும். யூனிகோடில் தட்டி, பிடிஎஃப் ஆகவும் சேமித்து, பென்டிரைவிலும் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பிரதி அச்சடித்தும் கொண்டுபோங்கள், மின்சாரம் போனாலும் உங்கள் பேச்சு நிற்காது.

மைக்கை ஊதியோ தட்டியோ பார்க்காதீர்கள். வாய்க்கு நாலு விரல் தள்ளி, சற்றுக் கீழே பிடித்து, தலையைத் திருப்பும்போது அதையும் சேர்த்துத் திருப்புங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போனால் கீச்சென்று இரையும். முடிந்தால் முன்கூட்டியே போய் அந்த அறையில் நின்று பாருங்கள், திரை எங்கே, பிளக் எங்கே, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கடைசி நாற்காலி எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

பேசும்போது நடுவில் விட்டுப்போனால் மன்னிப்பு கேட்காதீர்கள். கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், அட்டையைப் பாருங்கள், அடுத்த கேள்விக்குப் போங்கள். நீங்கள் எதைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டீர்கள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

அவர்கள் கேட்கும் கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டு, ஒரு கணம் விட்டு, முதலில் விடையைச் சொல்லுங்கள், காரணம் அப்புறம். தெரியாத எண்ணைக் கேட்டால் உத்தேசமாக எதையும் சொல்லிவிடாதீர்கள். "சரியான கணக்கைப் பாத்துட்டு நாளைக்குக் காலையில அனுப்புறேன் சார்" என்று சொல்லி, கேள்வியையும் கேட்டவர் பெயரையும் அவர் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் அந்தக் கணக்கை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, போனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.